கரென்ட் வண்டியில் ஏற்றிய பெட்டி

மின்சாரம் நின்றால் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் யாரும் மின்சாரத்தைத் திட்டுவதில்லை. "ஏசுரத்தினம் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். பிரசவ வார்டிலிருந்து ஒருத்தி ஓடிவருவாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இன்னொருத்தி ஓடிவருவாள். அவர் சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, கோயிலில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டிருந்தாலும் சரி, எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இஞ்சின் கொட்டகைக்குப் போயாக வேண்டும்.

சித்தூரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஆஸ்பத்திரி அது. இஞ்சின், வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்து டீசல் ஜெனரேட்டர். இரும்புக் கைப்பிடியைப் போட்டு, மூச்சைப் பிடித்துச் சுற்றி, சரியான நேரத்தில் கையை உருவிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினால் கைப்பிடி திருப்பி அடிக்கும். ஒருமுறை அப்படி அடித்ததில் மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்ட கையோடு மறு கையால் சுற்றியிருக்கிறார். அந்த இஞ்சினின் குணம் அவருக்கு மட்டும்தான் பிடிபட்டிருந்தது. வேறு யார் சுற்றினாலும் இருமிவிட்டு அடங்கிவிடும். முதலில் அது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதனாலேயே ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்க முடியாமல் போனபோது, பெருமை கழன்றுபோய் அசதி மட்டும் மிஞ்சியது.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். மழை பொய்த்து, அணைகளில் தண்ணீர் இறங்கி, ஆந்திரா முழுக்க கரென்ட் கட். பகலில் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டீசலுக்கும் வரிசை.

அவர் மனைவி கிருபாவதி வீட்டில் இல்லை. மகள் ஞானமணிக்குப் பிரசவம் பார்க்க என்று சூளூர்பேட்டைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மருமகனுக்கு ரயில்வேயில் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். சண்டை ஒன்றும் கிடையாது. பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். தவழட்டும் என்றாள். பிறகு பல் முளைக்கட்டும் என்றாள். பிள்ளை இப்போது வாசலில் ஓடி விளையாடுவதாக அந்தப் பக்கம் போய்வந்த சர்ச் ஐயர் சொன்னார். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் ஏசுரத்தினம் போகவில்லை. அன்றைக்குக் காலையில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவரை, "தியேட்டர்ல கேஸ் ஓடிக்கினு இருக்குது, கரென்ட் போச்சு" என்று ஆள் வந்து திருப்பி அழைத்துப்போனான்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பு குளிர்ந்திருக்கும். மெஸ்ஸிலிருந்து வாங்கிவந்த சோற்றைத் தின்ன மனசில்லாமல் மூடி வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்.

அப்படி ஒரு நாள் மத்தியானம், தோட்டக்காரன் ரங்கன் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கரென்ட் வண்டியில் போவதைப் பார்த்தார்.

கரென்ட் வண்டி என்பது, முன்பு இங்கே இருந்த அமெரிக்க டாக்டர் புல் வெட்டுவதற்காகக் கப்பலில் வரவழைத்த குட்டி டிராக்டர். பெட்ரோல் வேண்டாம், டீசல் வேண்டாம், பாட்டரியில் ஓடும். மாடு மாதிரி வண்டிக் கொட்டகையில் கட்டி, கரென்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றிவிட்டால் போதும். டாக்டர் ஊருக்குப் போன பிறகு புல் வெட்டும் கத்தி உடைந்தது. பழைய பாட்டரிகள் செத்தன. ஏசுரத்தினம் அவற்றைக் கழற்றிவிட்டு மூன்று லாரி பாட்டரிகளை வரிசையாகக் கோத்து வண்டிக்கு உயிர் கொடுத்திருந்தார். அதிலிருந்து அது துணி மூட்டையும் ஆக்சிஜன் சிலிண்டரும் சுமந்துகொண்டு, பூனை போலச் சத்தமில்லாமல் வளாகத்துக்குள் சுற்றிவந்தது.

மூன்று லாரி பாட்டரி. அவ்வளவு கரென்ட் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அழுக்குத் துணி சுமக்கிறது. அதை வேண்டிய இடத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்தி, தியேட்டர் விளக்குக்குக் கொடுத்தால் என்ன? கைப்பிடி சுற்ற வேண்டாம். ஒரு சுவிட்சைப் போட்டால் போதும் என்றால், யார் வேண்டுமானாலும் போடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம் என்றால், தான் ஊருக்குப் போகலாம்.

இந்தக் கடைசி எண்ணம் வந்ததும் அவர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

டாக்டர் தேவானந்தத்திடம் போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். நல்ல மனுஷர், அவரும் அரைத் தூக்கத்திலேயே இருப்பவர்.

"பாட்டரி கரென்ட் வேற, லைன் கரென்ட் வேற இல்லையா?"

"வேறதாங்க. நடுவுல இன்வெர்ட்டர்னு ஒரு பெட்டி வெக்கணும். பாட்டரி கரென்ட்ட லைன் கரென்ட்டா மாத்திக் குடுக்கும். மெட்ராஸ்ல கடைங்கள்ல வெச்சிக்கீறாங்க."

"டெலிவரி கேஸ் தாங்குமா?"

"விளக்கும் சக்‌ஷன் மிஷினும் தாங்கும். ஸ்டெரிலைசர் தாங்காது. அதுக்கு இஞ்சின்தான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தடவினார். "செஞ்சி பாருங்க. எதுக்கு இவ்ளோ அவசரமா கேக்கறீங்க?"

ஏசுரத்தினம் அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டி செய்வதற்குத் திருப்பதிக்குப் போனார். கரென்ட் நிற்காது என்று மின்சார ஆபீசில் உறுதி கேட்டுக்கொண்ட நாளில், காலை பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பும் திட்டம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் சிட்டிபாபுவின் ரேடியோ கடை இருந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய கூட்டம் வாசலை உரசிக்கொண்டு போகும். உள்ளே ஈயம் பற்றவைக்கும் புகை. லாட்ஜ்களுக்கு டியூப்லைட் எரிய இன்வெர்ட்டர் செய்து கொடுப்பவன் அவன். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான்.

"எத்தினி வோல்ட்டு?"

"மூணு பன்னெண்டு. முப்பத்தாறு."

"நான் செய்யறது எல்லாம் பன்னெண்டுக்கு அன்னா. ஒரு பாட்டரிலேர்ந்து மட்டும் இழுத்துக்கோயேன்."

"அப்படி இழுத்தா அந்த ஒண்ணு மட்டும் சீக்கிரமா செத்துடும். மத்த ரெண்டும் அத இழுத்துக்கினு ஓடணும்."

"அதி நிஜமே." சிட்டிபாபு தலையைச் சொறிந்தான். "சரே, முப்பத்தாறுக்கே டிரான்ஸ்பார்மர் சுத்தித் தர்றேன். ஆனா மோட்டார் ஓட்டறேன்னு சொல்றே. மோட்டார் எழுந்திருக்கும்போது மூணு மடங்கு இழுக்கும், தெரியுமில்ல? மொதல்ல மோட்டார் போடணும், அது சுத்தின பெறகுதான் லைட்டு. மாத்திப் போட்டா, போயிந்தி, பெட்டியே போச்சு."

பெட்டி தயாரானதும் இன்னொரு நாள் போய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கைக்குழந்தையை விடக் கனம். அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன; சூடு வெளியே போக அவை வேண்டும். சந்திரகிரி தாண்டும் வரை பக்கத்து ஆள் அது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தான். "கரென்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டியில் பெட்டியை ஏற்றும் வேலை அவர் நினைத்ததைவிட இழுத்தது. சீட்டுக்குப் பின்னால்தான் இடம். அங்கே தட்டையாக ஒன்றும் கிடையாது. பின்பாட்டரியின் மூடி சரிவாக இருந்தது. கோணக் கம்பியை வெட்டி, நாற்காலி போல நான்கு கால் செய்து, டிராக்டரின் சட்டத்தில் கைத் துரப்பணத்தால் துளை போட்டார். அமெரிக்க இரும்பு அவ்வளவு லேசில் இடம் கொடுக்கவில்லை. ஒரு துளை போட்டு முடிப்பதற்குள் தோள் விட்டுப்போகும். கொஞ்ச நேரம் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். பழைய லாரி டயரை வெட்டி ஒவ்வொரு காலுக்கும் அடியில் ரப்பர் வைத்தார். வண்டி குலுங்குவது பெட்டிக்குள் போகக்கூடாது. மேலே தகரக் கூரை. ஆனால் பக்கங்களை மூடவில்லை, காற்று வேண்டும். பாட்டரியிலிருந்து பெட்டிக்கு விரல் தடிமன் வயர். அதன் நுனிகளில் செம்பு வளையம் பற்றவைத்து போல்ட்டில் முடுக்கினார். நடுவில் ஃபியூஸ். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டபோது, பெட்டி வண்டு மாதிரி ஒரே சீராக ரீங்காரம் போட்டது. கொட்டகை வாசலில் தொங்கவிட்டிருந்த பல்பு எரிந்தது.

ரங்கன் கைதட்டினான். ஏசுரத்தினத்துக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. பல்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்து, லோயிஸ் சிஸ்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரசவ வார்டும் தியேட்டரும் அவள் பொறுப்பு. நாற்பதை நெருங்கும் வயசு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எதற்கும் பயப்படாதவள், கரென்ட்டைத் தவிர.

"ஷாக் அடிக்குமா அண்ணே?"

"வயரைக் கையால தொட்டா அடிக்கும். சுவிட்சைப் போட்டா எதுக்கு அடிக்குது?"

"ஏன் இதெல்லாம் நான் கத்துக்கணும்? நீங்கதான் இருக்கீங்களே."

"நான் ஊருக்குப் போறேன் சிஸ்டர்."

லோயிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல, ஜன்னல் வழியாக வயரை உள்ளே இழுப்பது, பிளக்கைச் சொருகுவது, முதலில் ரத்தம் உறிஞ்சும் சக்‌ஷன் மோட்டார், பிறகு விளக்கு என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். மறுபடியும் ஒருமுறை தானாகவே செய்தாள்.

இரண்டு தடவை கரென்ட் கட்டில் வண்டியே தியேட்டருக்கு வெளிச்சம் கொடுத்தது. இஞ்சின் கொட்டகை பூட்டியபடி கிடந்தது. அதன் பிறகுதான் ஏசுரத்தினம் டாக்டரிடம் லீவு கேட்டார். ரங்கனைக் கூப்பிட்டு, "பெட்டி ஏத்தின பெறகு இது ஆஸ்பத்திரி சாமான். மூட்டை தூக்கறது, புல்லு ஏத்தறது எல்லாம் வேணாம். ஒரே எடத்துல நிக்கட்டும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். ரங்கன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

சித்தூரிலிருந்து திருப்பதி, அங்கிருந்து காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை என்று பஸ் மாறி மாறிப் போனார். எந்த பஸ்ஸில் உட்கார்ந்தாலும் தூக்கம் வந்தது. நடுவில் யாரோ தன் பெயரைக் கூப்பிட்டது போலத் திடுக்கிட்டு விழித்தார். சூளூர்பேட்டையில் இறங்கியபோது காற்றில் உப்பும் கருவாட்டு வாசனையும் இருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் கிருபாவதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது.

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லியே. சும்மா வந்தேன்."

"சும்மாவா? இஞ்சின யாரு பாக்கறாங்க?"

"இஞ்சின் இல்ல இப்போ. கரென்ட் வண்டி மேல ஒரு பெட்டி வெச்சிட்டேன். லோயிஸ் சிஸ்டரே சுவிட்சு போட்டுக்குவாங்க."

கிருபாவதி நம்பவில்லை. அதை முகம் சொன்னது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஞானமணி, "நைனா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேரப்பிள்ளை அவரைப் பார்த்து மிரண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

அன்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், மறுநாள் பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் எழுந்தார். எழுந்து காப்பி குடித்துவிட்டு மறுபடியும் படுத்தார். ரயில்கள் சுவருக்குப் பின்னால் அதிர்ந்துகொண்டு போயின, அவருக்குக் கேட்கவில்லை. "நைனாவுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று மகள் பயந்தாள். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, தூங்கட்டும் வுடு" என்றாள் கிருபாவதி. பையன் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து, தூங்கும் கிழவரின் மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பேச வந்ததை அவர் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் குழம்பு தாளித்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், பக்கத்து வீட்டுக்காரியோடு தெலுங்கில் சிரித்துப் பேசினாள். இங்கே அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி வீட்டில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. ஒருவேளை சிரித்தபோது தான் கொட்டகையில் இருந்திருக்கலாம்.

அதற்கடுத்த நாள் காலையில் தந்தி வந்தது. வாசித்தது ஞானமணி. மிஷின் நின்றுவிட்டது, உடனே வரவும் என்று இருந்தது.

ஏசுரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டார். துணிப் பெட்டியை எடுத்தார். கிருபாவதி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்கிற மாதிரி ஒரு சலிப்பு. அது அவரைக் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

"பஸ்ஸுல போனா ராத்திரி ஆயிடும்" என்று அவர் தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். "போஸ்ட் ஆபீஸ் எங்க கீது?"

"எதுக்கு?"

"டிரங்க் கால் போட்டுப் பாக்கறேன்."

வழி காட்ட கிருபாவதியே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

போஸ்ட் ஆபீசில் கால் பதிவு செய்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லைன் கிடைத்தபோது, "சித்தூர் மாட்லாடண்டி!" என்று ஆபரேட்டர் கத்தினான். ஏசுரத்தினம் போன் கூண்டுக்குள் புகுந்து ரிசீவரைக் காதில் அழுத்தினார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல லோயிஸ் குரல் வந்தது.

"அண்ணே! எங்கே போய்ட்டீங்க நீங்க? நேத்து சிசேரியன். வயித்தைத் தெறந்து வெச்சிருக்கோம், கரென்ட் போச்சு. சுவிட்சைப் போட்டா உங்க பெட்டி செத்துக் கெடக்குது. டார்ச்சு லைட்டு பிடிச்சித் தெச்சோம். டார்ச்சு லைட்டு!"

"கொழந்த?"

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. கர்த்தர் காப்பாத்தினார். உங்க பெட்டி காப்பாத்தல."

ஏசுரத்தினம் கூண்டின் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"சிஸ்டர், கோவிச்சிக்காம கேளுங்க. சுவிட்சைப் போட்டா சத்தம் வருதா?"

"ஒரு சத்தமும் இல்ல."

"வண்டி ஓடுதா?"

"ஓடுது. அதுலதான் நேத்து ரங்கன் புல்லுக்கட்டு ஏத்திக்கினு வந்தான்."

"வேணாம்னு சொன்னேனே அவன்கிட்ட!"

"நீங்க பஸ் ஏறினதும் ஆரம்பிச்சிட்டான். கால்வாய் மேட்டுல ஏத்தி எறக்கி வந்திருக்கான். இப்போ தலையைச் சொறிஞ்சிக்கினு பக்கத்துல நிக்கறான்."

வண்டி ஓடுகிறது என்றால் பாட்டரிகளில் குறையில்லை. பெட்டியில் சத்தமே இல்லை என்றால் அதற்குக் கரென்ட் போய்ச் சேரவில்லை. ஏசுரத்தினம் கண்ணை மூடினார். சீட்டுக்குப் பின்னால் தான் போட்ட ஒவ்வொரு போல்ட்டும் மூடிய கண்ணுக்குள் தெரிந்தது.

"சிஸ்டர், சீட்டுக்குப் பின்னால பாட்டரி மூடியத் தெறங்க. தடியா செவப்பு வயர் ஒண்ணு பெட்டிக்குப் போவுது. அது பாட்டரில கெட்டியா இருக்குதா, ஆடுதான்னு ரங்கன் பாக்கட்டும். சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

நீண்ட நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. ஆபரேட்டர் நேரம் ஆகிறது என்று இடையில் குரல் கொடுத்தான். "எக்ஸ்டென்ஷன்" என்றார் ஏசுரத்தினம். லோயிஸ் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"ஆடுது. கையால அசைச்சாலே ஆடுது. வளையம் மேல கருப்பா தீஞ்சிருக்கு."

"அவ்ளோதான். அதைச் சுரண்டி சுத்தம் பண்ணி, ஸ்பேனர் போட்டு முடுக்கினா போதும்."

"ஸ்பேனர் எங்கே?"

"கொட்டகைல பலகை மேல."

"கொட்டகை பூட்டியிருக்கு அண்ணே. சாவி எங்கே?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அரைஞாண் கயிற்றில் சாவி இருந்தது. பல வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. வேறு யாரிடமும் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இந்தத் தடவை கிளம்பும்போதுகூடத் தோன்றவில்லை. யார் வேண்டுமானாலும் சுவிட்ச் போடலாம் என்று பெட்டி செய்தவர், பூட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா? சாவி?"

"எங்கிட்ட கீது."

"அப்போ நீங்க வந்துதான் ஆவணுமா?"

கூண்டின் கண்ணாடிக்கு வெளியே கிருபாவதி நின்றிருந்தாள். இடுப்பில் இருந்த அவர் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றார் ஏசுரத்தினம். "பூட்ட ஒடச்சிடுங்க."

"என்ன?"

"ஒடைங்க சிஸ்டர். ரங்கன் கிட்ட கடப்பாரை கீது. பூட்டு போனா போவட்டும். உள்ள பலகைல ஸ்பேனருங்க எல்லாம் வரிசையா மாட்டிக்கீது. எது பொருந்துதோ அத எடுத்து முடுக்குங்க. ரெண்டு கையாலயும் முடுக்குங்க. மத்த வயருங்களையும் ஒருவாட்டி பாத்துடுங்க. நான் அப்புறமா மறுபடியும் கூப்புடறேன்."

வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. அடுத்த காலுக்குப் பதிவு செய்துவிட்டு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கவுன்டரில் முத்திரை குத்தும் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

கிருபாவதி அவர் பக்கம் திரும்பினாள். "நெஜமாவே ஒடைக்கச் சொன்னீங்களா?"

"ஆமா."

"ஒருவாட்டி வெறகு வெக்கறதுக்கு அந்தக் கொட்டகையத் தெறக்கச் சொன்னேன். மழ பேஞ்சிக்கினு இருந்துச்சி. இஞ்சின் எடம், அதுல வெறகெல்லாம் வெக்கக்கூடாதுன்னு சொன்னீங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. 

"நான் கோவிச்சிக்கினு வரல" என்றாள் அவள். "இங்க வந்தப்பறம் ஒருநாள் ராத்திரி முழுக்க தூங்கினேன். யாரும் கதவத் தட்டல. அப்பதான் தெரிஞ்சுது, எத்தினி வருஷமா நானும் உங்ககூட எழுந்துக்கினு இருந்தேன்னு. உங்கள எழுப்பறவங்க என்னையும்தானே எழுப்பினாங்க? நீங்க போயிடுவீங்க. நான் விளக்க வெச்சிக்கினு ஒக்காந்திருப்பேன். அந்தக் கைப்பிடி உங்கள அடிச்சிப் போட்டுடுமோன்னு காத கொட்டகைப் பக்கமே வெச்சிக்கினு. இஞ்சின் சத்தம் கேட்டாத்தான் மூச்சு வரும்."

ஏசுரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தத்துக்காக வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தனக்கு மட்டும்தான் அசதி என்று இருந்துவிட்டார்.

"சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எப்போ சொல்றது? நீங்க உக்காந்தாலே தூங்கிடுவீங்க."

அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிருபாவதி வேறு பக்கம் திரும்பி, மணியார்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கால் கிடைக்க வெகுநேரம் ஆனது. லோயிஸ் குரலில் இப்போது ஒரு மிடுக்கு இருந்தது.

"ஓடுது அண்ணே. பல்பு போட்டுப் பாத்தேன். சக்‌ஷனும் போட்டேன், மோட்டார் முதல்ல. முடுக்கினது நான்தான், ரங்கன் இல்ல. ஷாக் அடிக்கல."

"ரொம்ப தாங்க்ஸ் சிஸ்டர்."

"தாங்க்ஸ் இருக்கட்டும். பூட்டை ஒடைச்சி உள்ளே போனா அந்தக் கொட்டகை என்ன இப்படிக் குப்பையா இருக்கு? ஸ்பேனர் தவிர எல்லாமே தரையில. நான் கூட்டிப் பெருக்கச் சொல்லியிருக்கேன். புதுப் பூட்டுக்கு மூணு சாவி இருக்கணும், ஒண்ணு என்கிட்ட. டாக்டர் கேக்கறார், எப்போ வர்றீங்க?"

ஏசுரத்தினம் கண்ணாடி வழியாகக் கிருபாவதியைப் பார்த்தார்.

"லீவு முடிஞ்சப்பறம் வர்றேன்" என்றார்.

திரும்பி நடக்கும்போது, மீன் மார்க்கெட் பக்கம் வந்ததும், தான் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டார். சாமர்த்தியமாக ஒன்றும் இல்லை. "வூட்டுக்கு வர்றியா?"

கிருபாவதி ஒரு மீன்காரியிடம் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டாள். விலையைக் கேட்டுவிட்டு மத்தி வாங்கினாள். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்.

"இப்போ இல்ல. இப்போ வந்தா நீங்க ஒரு தடவ போன் பண்ணினதுக்காக வந்த மாதிரி இருக்கும். அடுத்த மாசம் நீங்களே வந்து கூட்டினு போங்க. உங்களால வர முடியுதான்னு பாக்கறேன்."

"வருவேன்."

"பாக்கறேன்னு சொன்னேன்" என்றாள் அவள்.

லீவு முடியும் வரை அங்கேயே இருந்தார். பையன் அவரை விட்டு நகர்வதில்லை. மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மடியிலேயே தூங்கினான். அந்த நாட்களில் தந்தி எதுவும் வரவில்லை. ஆனாலும் தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் ஏசுரத்தினத்தின் தலை தானாக நிமிர்ந்தது. அந்தப் பழக்கம் அவ்வளவு லேசில் போகிறதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அவர் சூளூர்பேட்டைக்குப் போகும் சமயம் ஆஸ்பத்திரியில் வேலை நெருக்கடி. பம்பு பழுதாகியிருந்தது, ஒரு பாட்டரியில் ஆசிட் கசிந்தது. டாக்டர் முகம் சுளித்தார். "அடுத்த வாரம் போகலாமே" என்றார். "இல்லைங்க, இந்த வாரம்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு பேச்சு எடுப்பதற்குள் வெளியே வந்துவிட்டார். டாக்டரிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே பஸ் ஏறினார். பம்புக்கு வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவன் சுமாராகத்தான் சரி செய்தான். ஆனால் தண்ணீர் வந்தது.

கிருபாவதியும் அவரும் திருப்பதியில் பஸ் மாறிச் சித்தூர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். வளாகத்துக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை, கரென்ட் இல்லை. பிரசவ வார்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே கரென்ட் வண்டி நின்றிருந்தது. தகரக் கூரைக்கு அடியிலிருந்து ரீங்காரம் வந்தது. உள்ளே பிறந்த பிள்ளை ஒன்று வீல் வீலென்று கத்தியது. லோயிஸ் யாரையோ அதட்டினாள்.

ஏசுரத்தினத்தின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. கிருபாவதி துணிப் பெட்டியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். மோட்டார் ஒரே சீராக ஓடியது. யாரும் அவரைத் தேடவில்லை. மனசில் ஒரு மூலை லேசாக வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது களைப்பு.

"வா" என்று அவளிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீடு தூசி மண்டிக் கிடந்தது. கிருபாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துடைப்பத்தைத் தேடினாள். அடுப்பைப் பார்த்து, பாத்திரங்களைப் பார்த்து, "இதுலயா சோறு துன்னுக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கூட்டாத தரையிலேயே, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அவர் தூங்கிவிட்டிருந்தார். அவள் அவரைச் சுற்றிக் கூட்டினாள்.